மார்லினா விரித்த பாய்

சைத்தூன் லாத்தாவுக்கு அன்று காலையும் மிளகாய் கிடைக்கவில்லை.

காய்கறி வண்டிக்காரர் கெனங்கா தெருவில் வாசல் வாசலாக நின்றுவிட்டு, அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போனார். லாத்தா பின்னாலேயே போய்க் கேட்டார். "தீர்ந்துபோச்சு, இபு" என்றார் வண்டிக்காரர், சிவப்பாகக் குவிந்து கிடந்த மிளகாயின் மேல் ஈரச் சாக்கை இழுத்துவிட்டபடி.

"எவ்வளவு மரியாதையா பொய் சொல்றான் பாரு புள்ள" என்று சிரித்துக்கொண்டே லாத்தா உள்ளே வந்தார். "இபுன்னு கூப்புட்டுத்தான் சொல்றான். பெத்த அம்மாவக் கூப்புடற மாதிரி."

கோமளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டின் மாடி அறையில் நான்கு வருடங்களாக வாடகைக்கு இருக்கிறாள். இருவருக்கும் சொந்த ஊர் மேடான். கோமளாவின் அம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில்தான் லாத்தாவின் பிறந்த வீடு இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் ஜகார்த்தாவில் இடம் கிடைத்தது. தெருவில் எல்லாரிடமும் இந்தோனேசிய மொழி; பெண்களை இபு என்றும் ஆண்களை பாக் என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் இவர்கள் இருவருக்கும் தமிழ்; கோமளாவுக்கு அவர் லாத்தா, அதாவது அக்கா.

சைத்தூன் லாத்தாவின் முகம் தெரியாதவர்கள் நாட்டில் குறைவு. 'ஏழு படிக்கட்டு வீடு' என்ற தொடரில் கொடுமைக்கார மாமியார் மார்லினா அவர்தான். கண்ணை அகல விரித்து, கேமராவைப் பார்த்தபடி, மனசுக்குள் போடும் சதியை மனக்குரலாகச் சொல்லும் மார்லினா. ஆனால் மூன்று வருடங்களாக லாத்தா படப்பிடிப்புக்குப் போவதில்லை. முகத்தையும் குரலையும் பயன்படுத்திக்கொள்ள நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கணினியே மார்லினாவை நடிக்க வைக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டு வெவ்வேறு விதமாகச் சிரிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்வார்கள். அவ்வளவுதான் வேலை.

"என் மூஞ்சிய நானே பார்க்குறதில்ல" என்பார் லாத்தா. "அது என்னென்ன அக்கிரமம் பண்ணுதோ."

அவருடைய கணவர் சுகெங் படப்பிடிப்புத் தளத்தில் விளக்குப் பிடிப்பவராக இருந்தவர். முப்பத்தெட்டு நாட்களுக்கு முன்பு மாரடைப்பில் இறந்துபோனார். இறந்தவருக்காக முதல் ஏழு நாட்களும், பிறகு நாற்பதாம் நாளும் அக்கம்பக்கத்தார் கூடிக் குர்ஆன் ஓதி, துஆ செய்து, தேநீர் குடித்து, கட்டிக் கொடுக்கும் சோற்றை வாங்கிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். முதல் நாள் தெருவே வந்தது. மூன்றாம் நாள் பாதி. ஏழாம் நாள் பள்ளிவாசல் இமாமும் இன்னும் இரண்டு பேரும் மட்டும்.

கோமளா அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தெருத் தலைவர் பாக் ஹெர்மன் வந்து சேர்ந்தார். கையில் ஒரு காகித உறை. உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காதீங்க இபு சைத்தூன். இருபத்தாறு வீட்டுல கையெழுத்துப் போட்டிருக்காங்க. நாற்பது கழியட்டும்னு நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

"என்னன்னு போட்டிருக்காங்க, பாக்?"

"நீங்க வேற இடம் பார்த்துக்கிட்டா தெருவுக்கு நிம்மதின்னு."

"நான் என்ன செஞ்சேன்?"

அவர் தேநீர் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டேங்கறாங்க. கேட்டா தலையக் குனிஞ்சுக்கறாங்க. என் வீட்டுக்காரியும் போட்டிருக்கா."

தேநீரைத் தொடாமலே எழுந்து போனார். கெனங்கா தெருவில் அது சாதாரண விஷயமில்லை.

லாத்தா அந்தக் கிளாஸை மூடியால் மூடினார். "போகச் சொன்னா போயிடறேன் புள்ள. மேடான்ல தங்கச்சி இருக்கா. ஆனா நாளன்னைக்கு நாப்பதாம் ஃபாத்திஹாவுக்கு நாலு பேராச்சும் வந்து ஆமீன் சொல்லணும். அந்த மனுஷன் காலமெல்லாம் மத்தவங்க மூஞ்சியில வெளிச்சம் போட்டாரு. அவரு இருட்டுல கிடக்கக் கூடாது. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

கோமளா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெரு ஏன் தலையைக் குனிகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் வேலை பார்ப்பது அந்தத் தொடரைத் தயாரிக்கும் நிறுவனத்தில்தான். ஆறு மாதம் முன்பு ஒரு படிவம் வந்தது. டிவியோடு இணைக்கும் புதுப் பெட்டிகளைச் சோதித்துப் பார்க்க, 'அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் நன்கு அறிந்த தெரு ஒன்றைச் சொல்லவும்' என்று கேட்டிருந்தார்கள். அவள் யோசிக்காமல் கெனங்கா தெரு என்று எழுதினாள். சுதந்திர தின விழாவில் எல்லா வீட்டுக்கும் இலவசப் பெட்டி என்றால் சந்தோஷப்படுவார்களே என்ற நினைப்பு. அவளே வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுத்தாள். பெட்டி என்ன செய்யும் என்பது பிறகுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. அதையும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

"எங்க தெருவ மட்டும் சோதனையில இருந்து எடுத்துடுங்க, பாக்" என்று மேலாளர் பாஸ்கோரோவிடம் கேட்டாள்.

அவர் கெட்டவர் அல்ல. பொரித்த பயறு டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "உங்க தெருதான் முதலிடம், கோமளா. மத்த இடத்துல எல்லாம் பார்க்கறவங்க நாடித் துடிப்பு நூறத் தாண்டறதில்ல. உங்க தெருவுல நூத்தி இருபது. எப்படி எடுக்கறது?"

"இபு சைத்தூனுக்கு யாரும் மிளகாய்கூட விக்கறதில்ல."

"வில்லிய வெறுக்கலேன்னா அப்புறம் என்ன தொடர்? அந்தக் காலத்துலயே நடிகைகள மார்க்கெட்ல கிள்ளுவாங்க. இதுல என்ன புதுசு?"

"அப்போ கதையில செஞ்ச தப்புக்காகக் கிள்ளினாங்க. இப்போ, நம்ம வீட்டு ரகசியத்த இவதான் டிவிக்காரங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்னு வெறுக்கறாங்க."

பாஸ்கோரோ இன்னும் கொஞ்சம் பயறு எடுத்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு மாசம். அப்புறம் எல்லாருக்கும் அறிவிச்சுடுவோம்."

"நாளன்னைக்கு நாற்பதாம் நாள், பாக்."

"நீங்க கையெழுத்துப் போட்ட காகிதம் ஞாபகம் இருக்குல்ல?" என்றார் அவர் மென்மையாக.

அன்று சாயங்காலமும் மறுநாளும் கோமளா விளக்கேற்றிவிட்டு அதன் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. கீழே லாத்தா கிளாஸ்களைக் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பது கிளாஸ், நாற்பது மூடி.

நாற்பதாம் நாள் மதியம் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு தெருமுனையில் இருந்த இபு யந்தியின் சிற்றுண்டிக் கடைக்குப் போனாள். யந்தி பெரிய உருவம், பெரிய குரல். வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு மதியம் முழுக்கக் கூட உட்கார்ந்திருந்தவள் கோமளா. அதனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் "என்ன வேணும்?" என்றாவது கேட்டாள்.

"இபு, மார்லினா உங்கள என்ன சொன்னா?"

கரண்டி நின்றது. "என்னையா? அவ மருமகளச் சொன்னா."

"என்னன்னு?"

யந்தி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "'உன் அம்மா உசுரு போறப்ப நீ கடையில வாழைப்பழம் பொரிச்சுக்கிட்டு இருந்தே'ன்னு. வாழைப்பழம்னே சொன்னா! அத நான் இந்தத் தெருவுல ஒருத்திகிட்டதான் அழுதேன். உன் வீட்டுக்கார அம்மாகிட்ட."

"டிவி இருக்கற அறையில உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னதே இல்லையா?"

யந்தி அடுப்பைக் குறைத்தாள். "சண்டை வர்றப்ப எல்லாம் சொல்வேன்."

கடை பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த தையற்காரி எந்தாங் தலையை நிமிர்த்தினாள். "மார்லினா எப்ப அப்படிச் சொன்னா? நானும் தினம்தானே பார்க்கறேன். வாழைப்பழம் எல்லாம் வரவே இல்லையே. அவ மகனுக்கு வந்த வேலைக் கடிதத்த அடுப்புல போட்டா. அதத்தானே எங்க வீட்டுல..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். காது சிவந்துவிட்டது.

"கடிதமா? நான் பார்க்கலையே" என்றாள் யந்தி.

கோமளா சொல்லிவிட்டாள். தொடரில் எல்லாக் காட்சியும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு காட்சி மட்டும் வீட்டுக்கு வீடு வேறு. பெட்டி வீட்டுப் பேச்சைக் கேட்கிறது. கூடக் கொடுத்த கைப்பட்டை துடிப்பைச் சொல்கிறது. எந்தப் பேச்சில் அந்த வீட்டின் நெஞ்சு அதிகம் அடித்துக்கொள்கிறதோ, அதை எடுத்து மார்லினாவின் கையில் கொடுத்துவிடுகிறது. அந்த ஒரு காட்சியை யாருமே வெளியில் பேசுவதில்லை. அதனால்தான் அது வேறு வேறு என்று யாருக்கும் தெரியவில்லை.

"லாத்தா யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் பெட்டிய மாட்டினது நான்."

யந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கொதிக்கற எண்ணெய்ச் சட்டிப் பக்கத்துல நின்னுக்கிட்டு இதச் சொல்ற தைரியம் உனக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு இபு."

"இருக்கட்டும். நீ அவ வீட்டுல குடியிருக்கறவ. அவளக் காப்பாத்தக் கதை கட்டறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னைக்கு மண்டபத்துல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பாருங்க. ஒரே பெட்டி, ஒரே திரை. முப்பது வீட்டுத் துடிப்பும் கலந்துட்டா அதுக்கு யாரு வீடுன்னு தெரியாது. யாரோட ரகசியமும் வராது. வந்துச்சுன்னா நானும் லாத்தாவும் நாளைக்கே கிளம்பிடறோம்."

எந்தாங் மெதுவாகக் கேட்டாள்: "நீ சொல்றது தப்பாப் போயி, என்னோடது எல்லார் முன்னாடியும் வந்துட்டா?"

அந்தப் பயம்தான் தெருவைக் கூட்டியது. யந்தி தெருக் குழுவுக்குச் செய்தி அனுப்பிய அரை மணி நேரத்தில் எல்லா வீட்டிலிருந்தும் வருவதாகப் பதில் வந்துவிட்டது. தன்னுடையது வெளியே வந்தால் தான் அங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

பூப்பந்து மைதானத்துக்குக் கூரை போட்டதுதான் மண்டபம். போட்டி நாட்களில் சேர்ந்து பார்ப்பதற்கு அங்கே பெரிய திரை உண்டு. புதுப் பெட்டி கிடையாது. கோமளா லாத்தாவின் முன்னறையில் இருந்த பெட்டியைக் கழற்றினாள். பார்க்காதவர் வீட்டுப் பெட்டி; யாருக்கும் நஷ்டமில்லை.

லாத்தா தரையில் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அரிசிமாவுப் பணியாரம் தட்டு தட்டாக அடுக்கியிருந்தது. "அத எங்க புள்ள எடுத்துட்டுப் போற?"

"மண்டபத்துக்கு லாத்தா. வேலை விஷயம்."

லாத்தா பெட்டி இருந்த காலி இடத்தை ஒரு கணம் பார்த்தார். "இஷா தொழுகை முடிஞ்சு ஏழரைக்கு இமாம் வருவாரு. நீயாச்சும் வந்துரு."

ஆறரைக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. யாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கவில்லை. எல்லார் மணிக்கட்டிலும் கைப்பட்டையின் பச்சைப் புள்ளி. தொடர் ஆரம்பித்ததும் இசை இடி இடித்தது. மருமகள் மாடிப்படியில் உருண்டு விழுந்து நினைவை இழந்தாள்.

"மூணாவது தடவை ஞாபகம் போவுது இவளுக்கு" என்றது ஒரு குரல். "படிக்கட்டையே எடுத்துடலாம்ல?"

"மார்லினா சாவட்டும், செஞ்ச பாவத்துக்குச் சவப்பெட்டிக்கு மூடியே பொருந்தாது பாரு. ஆண்டவன் விடமாட்டான்."

கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு வழக்கமாக அந்தக் காட்சி வருகிற நேரம் நெருங்கியது. சிரிப்பு தானாக அடங்கியது. திரை ஒரு நொடி அசையாமல் நின்றது. எந்தாங் கண்ணை மூடிக்கொண்டாள். யந்தி தன் கைப்பட்டையை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள். கோமளாவுக்குத் தன் கணக்குத் தப்பாக இருந்தால் என்ற பயம்.

திரையில் மார்லினா வந்தாள். பட்டும் நகையும் இல்லை. சாதாரண வெள்ளை முக்காடு. அவள் தரையில் ஒரு பாயை விரித்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்று. சுருண்ட ஓரத்தைக் கையால் நீவிவிட்டாள். கிளாஸ்களை வரிசையாக வைத்துத் தேநீர் ஊற்றி ஒவ்வொன்றையும் மூடினாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

எல்லாரும் மனக்குரலுக்குக் காத்திருந்தார்கள். இப்போது சதி சொல்வாள். கண் அகலும், இசை இடிக்கும்.

ஒன்றும் வரவில்லை. அவள் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது. எல்லாக் கிளாஸ்களையும் கெட்டிலில் திருப்பி ஊற்றி, சூடாக்கி, மறுபடி ஊற்றி, மறுபடி மூடினாள். மறுபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். பாய்கள் காலியாக இருந்தன.

மூன்றாவது முறை அவள் தேநீரைச் சூடாக்க எழுந்தபோது, பின்வரிசையில் யாரோ ஒரு ஆண் மூக்கை உறிஞ்சினார்.

யந்தி எழுந்து நின்றாள். திரையை மறைக்கிறாள் என்று யாரும் கத்தவில்லை.

"மணி என்ன?"

"ஏழே கால்" என்றார் பாக் ஹெர்மன்.

"கிளாஸ் பத்தாது" என்றாள் யந்தி பொதுவாக. "கடையில இருந்து எடுத்துட்டு வர்றேன். ஆம்பளைங்க போய்த் தொப்பியப் போட்டுக்கிட்டு வாங்க. இமாமுக்கு முன்னாடி போய்ச் சேரணும்."

திரையில் மார்லினா நான்காவது முறையாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க மண்டபத்தில் யாரும் மீதமில்லை.

சுகெங்குக்காக அன்று சொல்லப்பட்ட ஆமீன் தெருமுனை வரை கேட்டது. முன்னறை கொள்ளாமல் வாசலிலும் பாய் போட்டார்கள். கோமளா சமையலறை வாசலில் கைகூப்பி நின்றாள். எந்தாங் பணியாரத் தட்டை லாத்தாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். யந்தி லாத்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். பாக் ஹெர்மன் இரண்டு கிளாஸ் தேநீர் குடித்தார். கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்த காகித உறையை நான்காகக் கிழித்து அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் போட்டார்.

எல்லாரும் போன பிறகு கோமளா கைபேசியைத் திறந்தாள். நிறுவனத்தின் பதிவேட்டில் சிவப்பு எழுத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. நாளைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்ற பயத்துடன் படித்தாள்.

'காட்சி தோல்வி. பார்வையாளர் அனைவரும் நடுவில் வெளியேறினர். துடிப்புகள் கலந்திருந்ததால் வீடு அடையாளம் தெரியவில்லை. எனவே பெட்டியின் சொந்த வீட்டுக்கான காட்சியே காட்டப்பட்டது. அந்த வீட்டில் இக்காட்சி இதுவரை பார்க்கப்பட்ட நாட்கள்: முப்பத்திரண்டு.'

அவள் அதை மறுபடி படித்தாள். நாற்பதில் ஏழு போனால் முப்பத்திமூன்று. இன்றைய நாளைக் கழித்தால் முப்பத்திரண்டு. ஏழாம் நாளுக்கு மறுநாளிலிருந்து, ஒரு நாளும் விடாமல்.

லாத்தா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். கோமளா பக்கத்தில் உட்கார்ந்து துணியை எடுத்தாள்.

"லாத்தா, நீங்க தொடர் பார்க்குறதில்லன்னு சொன்னீங்க."

"அவரு இருந்தவரைக்கும் பார்த்ததில்ல புள்ள. அப்புறம் வீடு சத்தமே இல்லாம இருந்துச்சா, போட்டு விட்டேன்." அவர் ஒரு கிளாஸை அலசிக் கவிழ்த்தார். "மொத நாளு பார்த்ததும் திக்குன்னுச்சு. நான் பாய விரிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். எழுதறவங்களுக்கு என் மேல என்ன பரிவு பாரு, நான் படறத அப்படியே ஊருக்குக் காட்டறாங்களேன்னு நெனச்சேன். இதப் பார்த்தா நாளைக்கு வந்துருவாங்கன்னு கிளாஸெல்லாம் கழுவி வெப்பேன். தினம் கழுவி வெப்பேன்."

கோமளாவின் கையில் துணி நின்றது.

"வரல. முப்பது நாளுக்கு மேல எல்லாரும் அதப் பார்த்தாங்க, ஒருத்தரும் வரல" என்றார் லாத்தா. குரலில் குறை இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "அதான் கொஞ்சம் நோவா இருந்துச்சு. சரி போவட்டும். நாப்பதாவது நாளாச்சும் மனசு இறங்கி வந்துட்டாங்கள்ல."

கையெழுத்துப் போட்ட காகிதம் கோமளாவுக்கு நினைவு வந்தது. ஈரக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அவங்க பார்க்கல லாத்தா. அந்தக் காட்சி உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் வந்துச்சு. தெருவுல யாருமே அத முன்னாடி பார்த்ததில்ல. இன்னைக்குத்தான் மொத தடவையா பார்த்தாங்க. முழுசாக்கூட பார்க்கல. பாதியிலேயே எழுந்து ஓடி வந்துட்டாங்க."

லாத்தா தண்ணீரில் கையை வைத்தபடியே அவளைப் பார்த்தார். வாசலில் யந்தி மறந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கிளாஸ்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இருந்தன.

"மொத தடவையா?" என்றார். "பார்த்த உடனேயா?"

"ஆமா லாத்தா. உடனே."